திட்டாத முகக்கவசம்

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன குறை என்று நிர்வாகம் ஒரு கணினியிடம் கேட்டது. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரைக் கேட்டிருந்தாலே, லிஃப்ட் ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, பெரிய டாக்டர் முகத்தையே காட்டுவதில்லை என்று அடுக்கியிருப்பார். கணினி, நோயாளிகள் இணையத்தில் எழுதியிருந்த விமர்சனங்களை எல்லாம் படித்துவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னது: நர்சுகள் திட்டுகிறார்கள்.

உண்மைதான், திட்டுகிறோம். நானே முதல் ஆள். என் பெயர் அமலோற்பவம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அக்யூட் வார்டில் பொறுப்பு நர்ஸ். ஐ.சி.யூ.வுக்கும் சாதாரண வார்டுக்கும் நடுவில் இருப்பது எங்கள் வார்டு. காலையில் உட்கார்ந்து இட்லி தின்றவர் மத்தியானம் மூச்சுக்குத் தவிப்பார். நேற்று கண் திறக்காதவர் இன்று பேப்பர் கேட்பார். இதற்கிடையில் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறவர், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டுப் பீடிக்குக் கிளம்புகிறவர், பத்தியம் சொன்ன மறுநாளே பரோட்டா வரவழைக்கிறவர் என்று பல வகை. இவர்களைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்?

ஆனால் எங்கள் திட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிழைத்து எழும்புகிற ஆளைத்தான் திட்டுவோம். டாக்டர் கைவிரித்துவிட்ட ஆளிடம் எந்த நர்சும் குரலை உயர்த்த மாட்டாள். அவர் மாத்திரையைத் துப்பினாலும், ‘பரவாயில்ல, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வாயைத் துடைத்துவிடுவாள். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாங்களே கவனிக்காத இந்த வழக்கத்தை நோயாளிகள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். நான் ஒருவரைப் போட்டு வறுத்தெடுத்தால், பக்கத்துப் படுக்கைக்காரர், “ஒனக்கென்னடே, சிஸ்டரே வஞ்சிட்டாவ, ஞாயித்துக்கிழம வீட்டுக்குப் போயிருவ” என்று வாழ்த்துவார். திட்டு வாங்கியவர் டிஸ்சார்ஜ் அன்று அல்வாப் பொட்டலத்தோடு வந்து நன்றி சொல்லுவார். வீட்டுக்குப் போனதும், ‘நர்ஸ் திட்டினார்’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரமும் போடுவார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். கணினி பார்த்தது நட்சத்திரத்தை மட்டும்.

விளைவாக, சென்னையிலிருந்து பிரணவ் என்கிற இளைஞர் வந்து இறங்கினார். பதவியின் பெயர் நோயாளர் மகிழ்ச்சி அலுவலர். நல்ல பையன். நோயாளியைத் தவிர மற்றதையெல்லாம் படித்தவர். எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்தார்.

“பார்க்க சாதாரண மாஸ்க் மாதிரிதான் இருக்கும் சிஸ்டர். உள்ள மைக் இருக்கு, வெளியில குட்டி ஸ்பீக்கர். நீங்க பேசுற சத்தத்தை இது உள்ளயே அமுக்கிடும். அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, கனிவான வார்த்தையா மாத்தி, உங்க குரல்லயே வெளியில சொல்லும். இதோட பேரே ‘கனிவு’.”

“நான் பேசுனது யாருக்கும் கேக்காதா?” என்றேன்.

“உங்களுக்கே கேக்காது.”

“தும்முனா?”

“மன்னிப்புக் கேக்கும்.”

“ஆபத்து நேரத்துல கத்துனா என்ன செய்யும்?”

“கனிவா கத்தும்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை போல, மடிக்கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஷைனி, கழற்றிவிட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மணி அடிக்கும், கனிவு மதிப்பெண் குறையும் என்றார் பிரணவ். குறைந்துகொண்டே போனால் எங்கள் நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க ஆஸ்பத்திரி கையெழுத்துப் போடாதாம். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பதிவு போனால் இந்த ஆஸ்பத்திரி என்ன, எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

முதல் நாளே மாடசாமி என்கிற வாழைக்காய் வியாபாரி ட்ரிப்ஸ் ஊசியில் கை வைத்தார். “மாடசாமி, ஊசியப் புடுங்குனீய, கைய ஒடிச்சிருவேன்!” என்றேன். என் குரலில், என் வாயிலிருந்து, இப்படி வெளியே வந்தது: “அன்புள்ள மாடசாமி ஐயா, தங்கள் கரத்தில் உள்ள ஊசி தங்கள் நலத்தையே நாடுகிறது. அதைப் பிரிய வேண்டாமே.”

மாடசாமி என்னையே பார்த்தார். கண் கலங்கியது. “சிஸ்டர், எம் பிள்ளைகள வரச் சொல்லட்டுமா?” என்றார்.

ஒரு வாரத்தில் வார்டு மாறிப்போனது. ஆளாளுக்கு ஜெபமாலையும் திருநீறுமாகப் படுத்திருந்தார்கள். குடலிறக்கத்துக்கு வந்தவர் வக்கீலை வரவழைத்து உயில் எழுதினார். பல வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, ஒருவருக்கு மஞ்சள்காமாலை, இன்னொருவர் பார்க்க வந்தவர். இதில் வேடிக்கை என்னவென்றால் விமர்சனங்கள் ஐந்து நட்சத்திரமாகக் குவிந்தன. சாகப்போகிறோம் என்று நினைக்கிறவன் யாருக்காவது ஒற்றை நட்சத்திரம் போடுவானா? பிரணவ் கேக் வாங்கி வந்து வெட்டினார். எங்களால் அதைத் தின்னவும் முடியவில்லை, முகக்கவசத்தைக் கழற்றினால் மணி அடித்தது.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, பேச்சிமுத்து அண்ணாச்சி விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவில் ஓடிய பஸ்ஸில், ‘உள்ள தள்ளி நில்லுங்கய்யா’ என்று ஊரையே திட்டி வாழ்ந்த மனிதர். நிமோனியாவில் வந்து சேர்ந்தார். நான் திட்டுவேன், அவர் பதிலுக்கு முனகுவார், ஆனாலும் எழுந்து உட்கார்ந்து பந்து இழுப்பார். பந்து என்பது ஒரு பிளாஸ்டிக் குழாய்ப் பெட்டி. மூச்சை உள்ளே இழுத்தால் அதிலுள்ள மூன்று பந்துகள் மேலே எழும்பும். நுரையீரல் விரிய அதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு பந்துவரை தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் ‘கனிவு’ வந்தது.

“எரும மாடு மாதிரி படுத்துக் கெடந்தா சளி எப்படி வெளிய வரும்? எந்திரிங்க!” என்றேன் நான். “பேச்சிமுத்து ஐயா, தாங்கள் எழுந்து அமர்ந்து பந்துகளை உயர்த்தினால் எங்கள் உள்ளம் குளிரும்” என்றது முகக்கவசம்.

அவர் முகம் சுருங்கியது. “நேத்து வர வஞ்சீய. இன்னைக்கு என்ன ஆச்சு சிஸ்டர்? ஸ்கேன்ல எதும் வந்திருக்கா?”

“ஒரு மண்ணும் வரல! நல்லா கல்லு மாதிரி இருக்கீய!”

“அஞ்ச வேண்டாம் ஐயா. நாங்கள் அனைவரும் தங்களுடன் இருக்கிறோம்.”

அவர் கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கஞ்சி வேண்டாம், பந்து வேண்டாம். சளி கட்டிக்கொண்டது. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அவர் மனைவி கோமு, கட்டிலடியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் பிரணவிடம் ஓடினேன். என்ன சொன்னாலும் முகக்கவசம் மாற்றிவிடும் என்பதால் கையால் சைகை காட்டிக்கூடப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “ஆனா அவர் திருப்தி நூத்துக்கு நூறு சிஸ்டர்” என்றார்.

மறுநாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்து இறங்கினார்கள். நான் வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பேச்சிமுத்துவின் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தட்டையாக இறக்கியிருந்தார்கள். ஆக்சிஜன் குழாயை நெற்றிக்குத் தள்ளியிருந்தார்கள். கோமுவின் கையில் ஒரு சில்வர் சட்டி, உள்ளே பால், கரண்டி. “மூத்தவுக மொதல்ல ஊத்துங்க” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மூச்சுக்குத் தவித்து அரைமயக்கத்தில் மல்லாந்து கிடக்கிற ஆளுக்குப் பாலை ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, நேரே நுரையீரலுக்குப் போகும். பிழைக்கவேண்டிய மனிதர் இவர்கள் பாசத்தாலேயே போய்ச்சேருவார். நான் ஓடிக்கொண்டே கத்தினேன்: “ஏய், பால ஊத்தாதீங்க! புரையேறிரும்! செத்துருவாரு!”

முகக்கவசம் நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு என் குரலில் தேன் சொட்டச் சொன்னது: “அன்பார்ந்த உறவினர்களே, தங்கள் பாசம் எங்களை நெகிழச் செய்கிறது. பால் அளிப்பதைச் சற்றே ஒத்திவைக்கலாமா? ஐயா அவர்கள் விரைவில் விடைபெறக்கூடும்.”

கோமு ஓவென்று அழுதார். “கேட்டியளா, சிஸ்டரே சொல்லிட்டாவ!” கரண்டி வாயை நோக்கி இறங்கியது.

நான் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்தேன். எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது.

“கரண்டியக் கீழ போடுங்க! யாரு செத்தா இங்க? நல்லா இருக்க மனுசன பால ஊத்திக் கொல்லப் பாக்கீயளா? பால் சட்டியத் தூக்கிட்டு எல்லாரும் வெளிய போங்க! நீங்க என்ன அண்ணாச்சி, புதுமாப்பிள்ள மாதிரி நீட்டி நிமிந்து படுத்திருக்கீய? எந்திரிச்சு உக்காருங்க! பந்த யாரு, ஒங்க பாட்டனா வந்து இழுப்பாரு?”

கரண்டி தரையில் விழுந்து உருண்டது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி ஆக்சிஜனை மூக்கில் வைத்தேன். சற்றுப் பொறுத்து பேச்சிமுத்துவின் இமைகள் அசைந்தன.

“ஏளா கோமு,” என்றார், காற்றுப் போன குரலில். “சிஸ்டர் வையுதாவ.”

“ஆமா, வையுதாவ.”

“என்னையவா?”

“ஒங்களத்தான்.”

அவர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். “அந்தப் பந்த எடு” என்றார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து மாடசாமி, “சிஸ்டர், என்னையும் ரெண்டு வார்த்த” என்று கெஞ்சினார். அவருக்கும் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு மிச்சமே ஆகவில்லை. அடுத்த வாரம் பேச்சிமுத்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பதிவு போயிற்று என்றுதான் போனேன், பயமாக இருந்தது. பிரணவ் திரையைத் திருப்பிக் காட்டினார். நான் முகக்கவசத்தைக் கழற்றிய நிமிஷத்திலிருந்து அந்த வார்டில் எல்லாருடைய ஆக்சிஜன் கோடும் மேலே ஏறியிருந்தது.

“இதைத் தயாரிக்கிறவங்க ஆடிப்போயிட்டாங்க சிஸ்டர். அப்ப திட்டுறதுதான் மருந்தா?”

“திட்டு மருந்து இல்ல தம்பி. பொழைக்கிறவரத்தான் திட்டுவோம், போறவரத் திட்ட மாட்டோம். அது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் நம்புதாங்க.”

அவர் வேகமாகக் குறித்துக்கொண்டார். நான் சொன்னதில் ‘திட்டு’ என்பது மட்டும் தயாரிக்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது இரண்டு மாதம் கழித்து, புதிய முகக்கவசம் வந்தபோதுதான் தெரிந்தது. இதன் பெயர் ‘உரிமை’. உரிமையோடு திட்டுமாம். என்ன பேசினாலும் திட்டாக மாற்றி வெளியே விடும்.

அதற்குத் திட்டக் கற்றுக்கொடுத்தது, அன்று நான் பிய்த்து எறிந்த முகக்கவசத்தின் ஒலிப்பதிவு, அதாவது நான். ஆகவே எங்கள் ஆஸ்பத்திரியின் எல்லாக் கிளைகளிலும் எல்லா நர்சுகளும் என் திட்டையே திட்டினார்கள். காலை வணக்கம் சொன்ன ஷைனியின் முகக்கவசம், கல்லூரிப் பேராசிரியை ஒருவரைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, புதுமாப்பிள்ள மாதிரி படுத்திருக்கீய!” என்றது. காப்பி கொண்டுவந்த கேன்டீன்காரரைப் பார்த்து, “பால் சட்டியத் தூக்கிட்டு வெளிய போங்க!” என்றது. ஒரு நாளைக்கு இத்தனை திட்டு என்று கணக்கு வைத்தார்கள். குறைந்தால் மதிப்பெண் போகும். கழற்றினால் பதிவே போகும், இந்த முறை மன்னிப்புக் கிடையாது என்றார்கள்.

நோயாளிகளுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். எல்லாரும் திட்டு வாங்கினார்கள், எல்லாரும் பிழைக்கப்போகிறோம் என்று நினைத்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஈரல் முழுக்கப் புற்று பரவிய ஒருவர் இருந்தார். டாக்டர் மெல்லச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. துபாயிலிருந்த மகன் போனில் கூப்பிட்டபோது, “அவசரப்படாதடே, சிஸ்டர் என்னையப் போட்டு வையுதாவ. பெருநாளுக்கு லீவு போட்டு மெதுவா வா” என்றார். மகன் மெதுவாகத்தான் வந்தான். வந்து சேர்ந்தபோது நாங்கள் கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் ஆறுதல் சொன்னேன். அதுவும் என்னவாக வெளியே போயிற்று என்பதை எழுத எனக்கு இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு திட்டை யாரும் நம்பவில்லை. முகக்கவசத்துக்கு மேலே மிச்சமிருந்த எங்கள் கண்களையே பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த பதிப்பில் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்து வரும் என்று பிரணவ் சொன்னார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

ஐப்பசி மழையில் பேச்சிமுத்து திரும்ப வந்தார், ஸ்ட்ரெச்சரில். பஸ் புகையும் பீடியும் அரித்த நுரையீரலில் இந்த முறை எதுவும் மிச்சமில்லை. இனி வென்டிலேட்டர் குழாய் போட்டுப் பயனில்லை என்று டாக்டர் கோமுவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம், நிம்மதியாக விடுங்கள் என்று கோமுவும் தலையாட்டிவிட்டார். ஆனால் புருஷனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டிலடியில் சில்வர் சட்டி ஒன்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எப்படி இருக்கீய அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“எப்படி இருப்பீய? தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்தா இப்படித்தான்!” என்றது முகக்கவசம்.

அவர் சிரிக்கவில்லை. என் கண்களையே பார்த்தார். “இது நீங்க வையல. மிஷினு வையுது. நான் கண்டக்டரு சிஸ்டர், டிக்கெட் எடுக்காதவன் கண்ணப் பாத்தே கண்டுபிடிப்பேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்த வாய்மூடிய ஒரு நிமிசம் கழத்துங்க. நீங்க வையுதீயளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்.”

அடுத்த மாதம் என் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கழற்றாமலே இருந்துவிடலாம். கழற்றினாலும், பொய்யாக ஒரு திட்டுத் திட்டிவிட்டால் போதும், இருக்கிற நாளைச் சந்தோஷமாகக் கழிப்பார். இரண்டையும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். துபாயிலிருந்து வந்தவன் முகமும் ஞாபகம் வந்தது. கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மணி அடிக்கத் தொடங்கியது.

திட்ட வாயைத் திறந்தேன். வரவில்லை.

“தலவாணிய சரி பண்ணட்டுமா அண்ணாச்சி?” என்றேன். “எதுக்கும் மெனக்கெடாதீங்க. நான் இங்கனதான் நிக்கேன்.”

கோட்டுப் பைக்குள்ளிருந்து என் குரலே சீறியது: “மெனக்கெடாம? பந்த யாரு, ஒங்க பாட்டனா வந்து இழுப்பாரு?”

பேச்சிமுத்து சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, எச்சில் வடிந்தது. “பரவாயில்ல அண்ணாச்சி, பரவாயில்ல” என்று துடைத்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்டார். பிறகு தலையை மெதுவாக ஆட்டினார்.

“சரி சிஸ்டர். அப்ப சரி.”

பிரணவ் கையில் போனோடு ஓடிவந்து கட்டிலருகே நின்றார். கோமுவைப் பார்த்தார், பேச்சிமுத்துவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சிஸ்டர், ‘தேவையற்ற கனிவு’ன்னு விதிமீறல் வருது. என்ன பண்ணட்டும்?”

“வந்துட்டுப் போவுது தம்பி” என்றேன்.

பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். “தென்காசியில இருந்து மகளை வரச் சொல்லு. இன்னைக்கே வரட்டும்” என்றார் கோமுவிடம். கட்டிலடியைத் திரும்பிப் பார்த்தார். “ஏளா, பால் கொண்டாந்திருக்கியா?”

கோமு சட்டியின் மூடியில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தி என்னைப் பயத்தோடு பார்த்தார்.

நான் பேச்சிமுத்துவின் தலையை என் கையில் தாங்கி உயர்த்திப் பிடித்தேன்.

“கொஞ்சமா ஊத்துங்க அக்கா,” என்றேன். “மெதுவா.”